மருந்து போய்ச்சேர வேண்டிய இடம்

2013ஆம் ஆண்டில் இந்தியாவின் 15 நகரங்களில், போதை மருந்தை ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. சுமார் 40 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி தொற்றியதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. அப்படிக் கண்டறியப்பட்ட 5,777 பேரில், தமக்குத் தொற்று இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்கள் 440 பேர். அதற்காக ஒரு மருத்துவரையாவது பார்த்தவர்கள் 225 பேர். சிகிச்சை எடுத்தவர்கள் 79 பேர். குணமானவர்கள் 12 பேர்.

இந்தப் பன்னிரண்டுக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒரே காரணத்தைச் சொல்லிவந்தது. போதை ஊசி போடுகிறவர்கள் ஒழுங்காக வரமாட்டார்கள், மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள், குணமானாலும் மறுபடி ஊசியைப் பகிர்ந்து நோயை வரவழைத்துக்கொள்வார்கள் என்பது அது. வார்டுப் பேச்சாக மட்டும் இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, போதைப் பழக்கத்தை நிறுத்தி ஆறு மாதமாவது ஆன பிறகே ஹெபடைடிஸ் சி சிகிச்சையைத் தொடங்கலாம் என்று எழுதியே வைத்தது. 2001இல் பிரையன் எட்லினும் அவருடைய சகாக்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், இப்படி மருந்தை மறுப்பதற்கு நியாயம் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். அடுத்த ஆண்டே அந்த நிபுணர் பரிந்துரை தளர்த்தப்பட்டது. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே பார்த்து முடிவெடுக்கலாம் என்றானது. ஆனாலும் வழக்கம் மாறவில்லை. 2014க்குப் பிறகும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு, போதையை விட்டு இத்தனை மாதம் ஆனதற்குச் சான்று கேட்டது. சர்க்கரை நோய்க்காரர் மாத்திரையை மறக்கிறார், தீபாவளிக்கு இனிப்புச் சாப்பிடுகிறார். அதற்காக அவருக்கு யாரும் இன்சுலினை நிறுத்திவைப்பதில்லை.

மருத்துவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அன்றிருந்த சிகிச்சை கொடுமையானது. வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, இப்படி 24 முதல் 48 வாரம். காய்ச்சல், இரத்தசோகை, உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் அளவுக்கு மனச்சோர்வு எல்லாம் வரும். இத்தனையும் தாங்கி முடித்தாலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் குணம். தெருவில் படுத்துறங்கும் ஒருவருக்கு இதைத் தொடங்க ஒரு மருத்துவர் தயங்கினால், அதை முழுக்க முழுக்க வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது.

கிருமியின் போக்கும் இந்த அலட்சியத்துக்குத் துணைபோனது. ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத மஞ்சள் காமாலை என்று எதிர்மறையாகவே அழைக்கப்பட்டு வந்த நோய்க்குக் காரணமான வைரஸ் 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. தொற்றியவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவில் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே தேறிவிடுகிறார்கள். மற்றவர்களின் கல்லீரலில் அது தங்கிவிடுகிறது. இருபது ஆண்டு கழித்து அவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் சுருங்கிப்போகிறது. சிலருக்குப் புற்றுநோய் வருகிறது. அதுவரை பெரும்பாலும் ஒரு அறிகுறியும் இராது. கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கும் நம் ஊர் வழக்கத்துக்குக்கூட இந்த நோய் வேலை வைப்பதில்லை, ஏனென்றால் கண்ணே மஞ்சளாவதில்லை. தடுப்பூசி இன்றுவரை கிடையாது.

பரவுவது இரத்தத்தின் வழியாக. ஊசியைப் பகிர்வது ஆபத்து என்பது பரவலாகத் தெரியும். மருந்தைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, கழுவும் தண்ணீர் ஆகியவற்றைப் பகிர்ந்தாலும் தொற்றும் என்பது ஊசி போடுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. சில வகை ஊசிக்குழல்களின் அடியில் தங்கிவிடும் துளி இரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள் வரை உயிர்ப்போடு இருந்ததை ஆய்வகச் சோதனை ஒன்று காட்டியது. எச்.ஐ.வி. பரவாத இடத்தில்கூட ஹெபடைடிஸ் சி பரவிவிடுவதற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

2013 டிசம்பரில் அமெரிக்கா சோபோஸ்புவிர் என்ற மருந்துக்கு அனுமதி தந்ததும் நிலைமை தலைகீழானது. தினம் ஒரு மாத்திரை, பெரும்பாலும் 12 வாரம், பக்கவிளைவு சொற்பம். அதோடு டக்லாட்டாஸ்விரோ வெல்படாஸ்விரோ சேர்ந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் குணமானார்கள். விலைதான் மலைக்கவைத்தது. கிலியட் நிறுவனம் ஒரு மாத்திரைக்கு ஆயிரம் டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர் என்று வைத்தது. கண்டனம் எழுந்தது. 2014 செப்டம்பரில் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் தந்து, 91 நாடுகளில் விற்கலாம் என்று கிலியட் ஒப்பந்தம் போட்டது. சில ஆண்டுகளில் இந்தியாவில் இதே சிகிச்சை சில ஆயிரம் ரூபாய்க்கு இறங்கியது. ஆக மருந்து கடினம் என்ற நியாயமும் விலை அதிகம் என்ற நியாயமும் நம் நாட்டில் 2016 வாக்கில் காலாவதியாகிவிட்டன. எஞ்சியது, இவர்கள் வரமாட்டார்கள் என்பது மட்டும்.

அதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரமும் அதைச் சுற்றிய டேசைடு வட்டாரமும் தனித்துச் சொல்லத்தக்கவை. மொத்த மக்கள்தொகை நான்கு லட்சம் அளவில்தான். ஆனால் அந்தக் கதையை டண்டீயிலிருந்து தொடங்கினால் சரிவராது. எடின்பரோவிலிருந்து தொடங்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அந்நகரில் ஹெராயின் பெருகியபோது, போலீஸ் கெடுபிடியால் புதிய ஊசி கிடைப்பது அரிதானது. ஒரே ஊசி பல கைகளுக்குப் போயிற்று. மியூர்ஹவுஸ் என்ற ஏழை வட்டாரத்தில் பொது மருத்துவராக இருந்த ராய் ராபர்ட்சன், தம்மிடம் வந்த ஹெராயின் பழக்கமுள்ள 164 பேரின் இரத்தத்தைச் சோதித்தார். 51 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 1986இல் இது வெளியானதும் நாடு அதிர்ந்தது. அதன் பின்விளைவாகத்தான் சுத்தமான ஊசி தரும் மையங்களும், ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் தரும் ஏற்பாடும் ஸ்காட்லாந்து முழுவதும் வேரூன்றின.

அந்த மெத்தடோனை ஆஸ்பத்திரியில் போய் வாங்க வேண்டியதில்லை. தெருமுனை மருந்துக் கடையில் வாங்கலாம். இருமல் மருந்தும் பல்பொடியும் விற்கும் அதே கடைதான். தினமும் வருகிறவரை மருந்தாளுநருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளையில் பச்சை நிறத் திரவத்தை அளந்து ஊற்றித் தருகிறார். வந்தவர் அவர் கண்முன்னே குடித்துவிட்டுப் போகிறார். மழையோ பனியோ, இந்த வருகை தவறுவது அபூர்வம். தவறினால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்கற்றவர்கள் என்று பெயரெடுத்த ஒரு கூட்டம், ஓர் அரசு ஊழியரைவிடத் தவறாமல் வந்து நிற்கும் இடம் ஊரில் ஏற்கெனவே இருந்தது. ஹெபடைடிஸ் சி மருத்துவமனைதான் அங்கே இல்லை.

ஆண்ட்ரூ ராட்லி, ஜான் டில்லன் முதலானோர் நடத்திய ஆய்வு இதைப் பயன்படுத்திக்கொண்டது. ஸ்காட்லாந்தின் 55 மருந்துக் கடைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் வழக்கமான முறை: மருந்தாளுநர் எடுத்துச் சொல்லி, சிகிச்சை மையத்துக்கு அனுப்பிவைப்பார். மறு பாதியில் மருந்தாளுநரே விரல் நுனியில் குத்தி, அட்டையில் இரத்தப் பொட்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். தொற்று உறுதியானால் மாத்திரையை அவரே தொடங்கி, மெத்தடோனோடு சேர்த்துத் தினமும் கொடுத்தார். முடிவு 2020இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. மருந்தாளுநரே பார்த்துக்கொண்ட கடைகளின் 1,365 பேரில் 98 பேர் குணமானார்கள். வழக்கமான முறையில் 1,353 பேரில் 43 பேர்.

இரண்டு மடங்குக்கும் மேல் என்று தலைப்புச் செய்தி போடலாம். நான் அவ்வளவு சீக்கிரம் குதூகலிக்க மாட்டேன். இந்த 1,365 என்பது மெத்தடோன் வாங்க வந்த எல்லாரும் சேர்ந்த கணக்கு. அத்தனை பேருக்கும் நோய் இல்லை. அதனால் 7 விழுக்காடு என்பது பார்க்கும்போது தோன்றுவதைப்போல மோசமில்லை. என்றாலும் மருந்தாளுநரே சோதித்த கடைகளில்கூடப் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் 18 விழுக்காட்டினர்தான். கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. அங்கே சிகிச்சையைத் தொடங்கிய 112 பேரில் 108 பேர் அதை முடித்தார்கள். ஆள் கழன்றுபோவது மாத்திரை கைக்கு வருவதற்கு முன்னால், வந்தபின் அல்ல. பரிசோதனை, மறுபரிசோதனை, சீட்டு, காத்திருப்பு என்ற படிக்கட்டில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள்.

டண்டீயில் இதைவிடவும் கடினமான சோதனை ஒன்று நடந்தது. சுத்தமான ஊசி வாங்க வருகிறவர்களிடம், அந்த ஊசி மையத்திலேயே சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 135 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்குக் கண்காணிப்பில் மாத்திரை. இன்னொன்றுக்கு இரண்டு வாரத்துக்கானதை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவதற்கு அதோடு மனநல ஆலோசனையும். மூன்றிலும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் குணமானார்கள். பக்கத்தில் நின்று விழுங்க வைக்கத் தேவையே இருக்கவில்லை. ஏழு நாடுகளில் அண்மைவரை ஊசி போட்டுக்கொண்டிருந்த 103 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்விலும் 94 விழுக்காட்டினர் குணமானார்கள். அவர்களில் பலர் அவ்வப்போது மாத்திரையைத் தவறவிட்டவர்கள்தான். இந்த மருந்து அந்த அளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளும்.

டேசைடில் இந்த வழிகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன: மருந்துக் கடை, ஊசி மையம், சிறை, போதை மறுவாழ்வு நிலையம். 2030க்குள் தொற்றுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கண்டறிந்து 80 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கைப் பத்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டதாக 2020இல் அந்த வட்டாரச் சுகாதாரத் துறை அறிவித்தது.

ஊசி போடுகிறவர்களுக்கு முதலில் சிகிச்சை தருவதைக் கருணை என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு என்பதே சரி. நடாஷா மார்ட்டின், பீட்டர் விக்கர்மன், மேத்யூ ஹிக்மன் ஆகியோர் எடின்பரோ, மெல்போர்ன், வான்கூவர் நகரங்களை வைத்துச் செய்த கணித மாதிரிகள் இதைத்தான் காட்டின. முப்பது வருடம் முன் ஊசியை விட்டுவிட்டு இன்று குடும்பஸ்தராக இருப்பவரைக் குணப்படுத்தினால் ஒருவர் பிழைப்பார். இன்றைக்கும் நண்பர்களோடு ஊசி போடுகிறவரைக் குணப்படுத்தினால் அவரும் பிழைப்பார், அவரிடமிருந்து தொற்ற இருந்தவர்களும் தப்புவார்கள். ஆண்டுக்கு ஆயிரத்தில் சில பத்துப் பேருக்குச் சிகிச்சை போனாலே காலப்போக்கில் அந்த வட்டத்தில் நோய் வெகுவாகக் குறையலாம் என்பது அந்த மாதிரிகளின் முடிவு. 1997இன் நிபுணர் குழு வரிசையின் கடைசியில் நிறுத்தியவர்களைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும்.

மறுதொற்று வருமே என்ற கேள்வி நியாயமானது. வருகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், போதைப் பழக்கத்தைத் தொடர்பவர்களில் நூறு பேருக்கு ஆண்டுக்கு ஆறு பேர் அளவில் மறுபடி தொற்று ஏற்படுகிறது. மெத்தடோன் போன்ற மாற்று மருந்து எடுப்பவர்களில் இது நான்கு அளவுக்கு இறங்குகிறது. மாற்று மருந்து ஒன்றே புதிய தொற்றைப் பாதியாக்கும் என்றும், போதிய அளவு சுத்தமான ஊசியும் சேர்ந்தால் நான்கில் மூன்று பங்கு குறையும் என்றும் 2017இன் காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. மறுதொற்றைக் காட்டி மருந்தை மறுப்பவர்கள், ஊசி தருவதையும் எதிர்ப்பவர்களாக இருப்பதை நான் அடிக்கடி கவனித்திருக்கிறேன். மறுதொற்று வந்தால் மறுபடி 12 வாரம் மாத்திரை கொடுக்கலாம். ஆஸ்திரேலியா 2016 மார்ச் 1 முதல் போதைப் பழக்கத்தைப் பற்றி எந்த நிபந்தனையும் வைக்காமல் எல்லாருக்கும் மருந்தைத் திறந்துவிட்டது. பொது மருத்துவரே எழுதிக்கொடுக்கலாம் என்றும் ஆக்கியது. மறுதொற்று வந்தவரும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

சென்னைக்கு வருவோம். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் இங்கே கண்டறிந்த குழுவை வழிநடத்திய டாக்டர் சுனிதி சாலமன், 1993இல் தொடங்கியதுதான் ஒய்.ஆர்.ஜி. கேர். 1990களில் சென்னையில் பிரவுன் சுகர் எனப்படும் ஹெராயினைப் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர், மருந்துக் கடையில் கிடைத்த புப்ரெனார்பின் என்ற வலி நிவாரணியை ஊசியில் ஏற்றப் பழகிவிட்டிருந்தார்கள். அவர்களோடு பல்லாண்டு பழகிய களப்பணியாளர்கள் அந்த அமைப்பிடம் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தை நம்பி, சுனிதியின் மகன் சுனில் சாலமன் தலைமையில் 50 பேருக்கு ஹெபடைடிஸ் சி சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது. ஆய்வகச் சோதனைகள் குறைந்தபட்சமாக வைக்கப்பட்டன. 25 பேருக்கு சோபோஸ்புவிரும் ரிபாவிரினும் இன்டர்ஃபெரான் ஊசியும் 12 வாரம். மற்ற 25 பேருக்கு ஊசி இல்லாமல் மாத்திரைகள் மட்டும், ஆனால் 24 வாரம்.

முதல் குழுவில் 22 பேர் குணமானார்கள். இரண்டாவதில் 15 பேர். காய்ச்சலும் சோர்வும் தரும் ஊசி இருந்தும் குறுகிய சிகிச்சையே வென்றது. மருந்துகளின் வீரிய வேறுபாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் ஆறு மாதம் என்பது, நாளைக்கு எங்கே படுப்போம் என்று தெரியாத ஒருவருக்கு மிக நீண்ட காலம் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. இன்றைய 12 வார மாத்திரைகள் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன.

2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து பரிசோதனையும் மருந்தும் இலவசம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பஞ்சாப் அரசு, மாவட்ட மருத்துவமனை அளவில் பொது மருத்துவர்களைக் கொண்டே இதைச் செய்துகாட்டியது. சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி நிலைய நிபுணர்கள் தொலைவிலிருந்து வழிகாட்ட, 48,088 பேருக்குச் சிகிச்சை நடந்தது. 91 விழுக்காட்டுக்கும் மேல் குணம். மணிப்பூரில் ஊசி போட்டவர்களும் போடுகிறவர்களும் சேர்ந்து உருவாக்கிய அமைப்புகளே பரிசோதனை முகாம் நடத்தி, விலைக்காகவும் இலவச மருந்துக்காகவும் போராடின. 1990 வாக்கில் எச்.ஐ.வி. அந்த மாநிலத்தை உலுக்கியபோது தாங்களே கூடிப் பிழைக்கப் பழகியவர்கள் அவர்கள்.

மற்ற இடங்களில் திட்டம் பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறது. ஊசி போடும் ஒருவர் காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். முதலில் எதிர்ப்பொருள் சோதனை, பிறகு வைரஸ் அளவு, அதன்பின் கல்லீரல் சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு நாள், வேறு வரிசை. நரம்பெல்லாம் தழும்பேறிய கையில் இரத்தம் எடுக்கத் திணறும் ஊழியர் நாலு பேர் கேட்கத் திட்டுவதும் உண்டு. இத்தனைக்கும் மேலே சட்டம் நிற்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி போதைப்பொருளை உட்கொள்வதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தாமாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கையைக் காட்டவே அஞ்சுகிறவர் மூன்றாவது வரிசை வரை வருவார் என்று எதிர்பார்ப்பது திட்டம் போட்டவர்களின் பிழை.

ஆனால் ஸ்காட்லாந்தின் மருந்துக் கடைக்கு இணையான இடம் நம்மிடமும் இருக்கிறது. எச்.ஐ.வி.யைத் தடுப்பதற்காகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் நடத்தும் மாற்று மருந்து மையங்கள் அவை. வருகிறவர் பதிவேட்டில் பெயர் சொல்கிறார். செவிலியர் புப்ரெனார்பின் மாத்திரையைப் பொடியாக்கி அவர் நாக்கின் அடியில் போடுகிறார். வெளியே எடுத்துப்போய் விற்கவோ ஊசியில் ஏற்றவோ முடியாதிருக்க இந்த ஏற்பாடு. பொடி கரையும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார். நாளைக்கும் வருவார். அந்தக் காத்திருப்பு நேரத்தில் விரலில் குத்தி இரத்தம் எடுக்கலாம். காசநோய்க்காகவும் கொரோனாவுக்காகவும் நாடெங்கும் வாங்கிவைத்த ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிகள் ஹெபடைடிஸ் சி வைரஸ் அளவையும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காட்டக்கூடியவை. மறுநாள் புப்ரெனார்பினோடு ஹெபடைடிஸ் மாத்திரையும் சேர்ந்துவிடும். பரிசோதனையும் சிகிச்சையும் ஒரே இடத்தில், போதை மறுவாழ்வு மையத்திலும் ஊசி மையத்திலும் சிறையிலும், நிபுணர் அல்லாத மருத்துவராலும் செவிலியராலும் தரப்பட வேண்டும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதை இப்போதே செய்ய வேண்டிய அவசரம் இருக்கிறது. வலி நிவாரணி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிய இளைஞர்கள் கைது என்ற செய்தி, சென்னைப் பதிப்புகளில் மட்டும் வந்துகொண்டிருந்தது போய், மாவட்டப் பதிப்புகளிலும் வரத் தொடங்கிவிட்டது. ஒரு குழுவில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தால் போதும். சில மாதங்களில் அது மற்றவர்களுக்கும் வந்துவிடும். செய்தியில் பறிமுதல் செய்த மாத்திரைகளின் எண்ணிக்கை இருக்கிறது. பிடிபட்டவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று ஒரு வரி இருப்பதில்லை. சுகாதாரத் துறை அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கட்டும். சிறையிலும் மறுவாழ்வு இல்லத்திலும் மாற்று மருந்து மையத்திலும் சோதனையையும் மாத்திரையையும் கொண்டுபோய் வைக்கட்டும்.

வாசகருக்கும் ஒன்று. எப்போதேனும் ஒருமுறை போதை ஊசி போட்டவர்கள், இந்தியாவில் இரத்தத்துக்கு ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயமான 2001க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கிருமி நீக்காத ஊசியில் பச்சை குத்திக்கொண்டவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். தேசியத் திட்டத்தின்கீழ் அது அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொற்று இருந்தால் 12 வார மாத்திரையும் இலவசம்.